தென்சீனக் கடல் செய்தி மேசைக்கு வந்தால்: அளந்து, சரிபார்த்து, எழுதும் முறை

கொழும்பில் உள்ள தமிழ்ச் செய்தி மேசைகளுக்குத் தென்சீனக் கடல் செய்தி பெரும்பாலும் மூன்று வழியாக வருகிறது: ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. போன்ற முகவரகங்கள், சீன அரச முகவரகமான சின்ஹுவா, தூதரகங்கள் அனுப்பும் ஊடக அறிக்கைகள். ஒரே சம்பவம் மூன்றிலும் மூன்று பெயர் கொண்ட இடத்தில் நடந்திருக்கும். ஒன்று "தீவு" என்னும், ஒன்று "திட்டு" என்னும், இன்னொன்று "எமது கடற்பரப்பு" என்னும். நேரம் இல்லாத மேசையில் முதலில் வந்த சொல்லே அச்சுக்குப் போய்விடுகிறது.

அது சின்னத் தவறு அல்ல. கப்பல் எண்ணிக்கையில் சீனாவோடு போட்டி போட முடியாத பிலிப்பைன்ஸ், வியட்நாம், மலேசியா, இந்தோனேசியா, புரூணை ஆகிய நாடுகளுக்கு, இக்கடலின் பெரும்பகுதியைச் சீனா கோருவதால் எழுந்த இந்தத் தகராறில் பெரிய பிடிமானம் கடற்சட்டமும் அது வகுத்த அளவுகளுமே. ஒரு நாட்டின் சொந்தக் கடலான 12 கடல் மைல் எங்கே முடிகிறது, மீனுக்கும் எண்ணெய்க்கும் உரிமை தரும் 200 கடல் மைல் பொருளாதார வலயம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை வைத்தே அவர்களின் வழக்கு நிற்கிறது. அந்த அளவைக் குழப்பி எழுதும் செய்தி யாருக்கும் பயன்படாது. இலங்கையும் இதே சட்டத்தை நம்பியிருக்கும் சிறிய தீவு நாடு என்பதால் நம் வாசகருக்கு இதைச் சரியாகக் கொடுக்கும் கடமை நமக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

கீழே சொல்லும் வேலைக்கு ஒரு கணினி, கூகுள் ஏர்த் ப்ரோ, ஒரு கல்குலேட்டர் போதும். பழகிவிட்டால் ஒரு செய்திக்கு இருபது நிமிடம்.

முதலில் இடத்தைப் பிடியுங்கள்

செய்தியில் வரும் இடப்பெயரை அப்படியே தமிழாக்க வேண்டாம். அது யார் வைத்த பெயர் என்று பாருங்கள். அடிக்கடி வரும் நாலைந்து இடங்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஸ்கார்பரோ திட்டை சீனா ஹுவாங்யான் தாவ் என்றும் பிலிப்பைன்ஸ் பாஹோ டெ மசின்லாக் என்றும் அழைக்கின்றன. இது லுசோன் தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 120 கடல் மைலில் இருக்கிறது. செக்கண்ட் தோமஸ் திட்டு சீனாவுக்கு ரென்ஆய் ஜியாவ், பிலிப்பைன்ஸுக்கு அயுங்கின். மிஸ்சீஃப் பவளப்பாருக்கு முறையே மெய்ஜி, பங்கானிபான். திட்டு என்ற பெயரிலேயே ஒரு தீவும் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் வசமுள்ள அதன் உள்நாட்டுப் பெயர் பாக்-அசா. நம் மொழியில் "திட்டு" என்றால் மணல்மேடு என்று வாசகர் எடுத்துக்கொள்வார் என்பதால் இந்தத் தீவை மட்டும் பாக்-அசா என்றே எழுதுவது நல்லது. ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டம் சீனாவுக்கு நான்ஷா, வியட்நாமுக்கு துருவோங் சா. வடக்கே உள்ள பாரசெல் கூட்டம் ஷிஷா, ஹுவாங் சா.

கடலின் பெயரும் இப்படித்தான். வியட்நாம் இதைக் கிழக்குக் கடல் என்கிறது. பிலிப்பைன்ஸ் தன் மேற்குப் பக்கத்துப் பகுதியை 2012 முதல் மேற்குப் பிலிப்பைன்ஸ் கடல் என்கிறது. இந்தோனேசியா 2017இல் நத்துனாவுக்கு வடக்கே உள்ள தன் பொருளாதார வலயப் பகுதிக்கு வட நத்துனா கடல் என்று பெயரிட்டது. செய்தியின் உடலில் தென்சீனக் கடல் என்ற ஒரே பெயரை வைத்துக்கொண்டு, மற்றவற்றை மேற்கோளுக்குள் மட்டும் விடுங்கள். ஒரு பத்தியில் ஒரு பெயர், அடுத்த பத்தியில் வேறு பெயர் என்று போனால் இரண்டு சம்பவம் நடந்ததாக வாசகர் நினைப்பார்.

பெயர் தெளிவானதும் அகலாங்கு, நெட்டாங்கைக் குறியுங்கள். செக்கண்ட் தோமஸ் சுமார் 9°45′ வடக்கு, 115°52′ கிழக்கு. மிஸ்சீஃப் 9°55′, 115°32′. சுபி பவளப்பார் 10°55′, 114°05′. பாக்-அசா 11°03′, 114°17′. ஸ்கார்பரோ 15°08′, 117°46′. இவற்றைக் கூகுள் ஏர்த்தில் ஒருமுறை அடையாளமிட்டுச் சேமித்துவிட்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

தூரத்தை நீங்களே அளவுங்கள்

ஒரு கடல் மைல் 1,852 மீற்றர். தரை மைல் 1,609 மீற்றர். "12 மைல்" என்று மொட்டையாக எழுதினால் வாசகர் அதை 19.3 கி.மீ. என்று எடுப்பார்; உண்மையில் 22.2 கி.மீ. 200 கடல் மைலில் இந்தப் பிழை 48 கி.மீ.க்கு மேல் போய்விடும். ஆகவே எங்கும் "கடல் மைல்" என்று முழுமையாக எழுதி, முதல் தடவை மட்டும் கிலோமீற்றரைப் பக்கத்தில் வையுங்கள். 24 கடல் மைல் 44.4 கி.மீ., 200 கடல் மைல் 370.4 கி.மீ., 350 கடல் மைல் 648.2 கி.மீ. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கி.மீ.தான், 200 கடல் மைல் அதைவிட நீளம் என்று சொன்னால் நம் வாசகருக்கு அளவு உடனே பிடிபடும்.

கையால் அளக்கும் வழி எளிது. அகலாங்கில் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஏறத்தாழ ஒரு கடல் மைல். நெட்டாங்கில் ஒரு கலை அதைவிடக் குறைவு. அந்த அகலாங்கின் கோசைனால் பெருக்க வேண்டும். 10 பாகையில் 0.985, 15 பாகையில் 0.966. பிறகு இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மிஸ்சீஃபிலிருந்து செக்கண்ட் தோமஸ் எவ்வளவு தூரம் என்று போட்டுப் பாருங்கள். அகலாங்கு வித்தியாசம் 10 கலை, அதாவது 10 கடல் மைல். நெட்டாங்கு வித்தியாசம் 20 கலை, 0.985ஆல் பெருக்க 19.7. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 488, மூலம் 22. இந்த ஒரு கணக்கு ஒரு பெரிய விஷயத்தைச் சொல்கிறது. மிஸ்சீஃபில் சீனத் தளம் இருக்கிறது. அது முழுமையான தீவாகவே இருந்திருந்தாலும் அதன் 12 கடல் மைல் வளையம் செக்கண்ட் தோமஸைத் தொடாது. "சீனத் தளத்தின் கடல் எல்லைக்குள் பிலிப்பைன்ஸ் கப்பல்" என்று ஒரு வரி வந்தால், அது நிற்காது என்பதை இரண்டு நிமிடத்தில் கண்டுகொள்ளலாம்.

எச்சரிக்கை ஒன்று. கலைக்கு முழுமையாக்கிய எண்களில் ஒரு கடல் மைல் வரை பிழை வரும். கணக்கு 11.5 என்றோ 12.4 என்றோ வந்தால் உள்ளே, வெளியே என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். கூகுள் ஏர்த் ப்ரோவின் அளவுகோலில் அலகைக் கடல் மைலுக்கு மாற்றி, வட்டம் என்ற தத்தலைத் தேர்ந்து 12 ஆரத்தில் ஒரு வளையம் போட்டுப் பாருங்கள். வளையத்தின் மையத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதிலும் விடை மாறும். பவளப்பார்கள் பல கிலோமீற்றர் நீளமானவை. சட்டம் அளக்கச் சொல்வது நடுவிலிருந்து அல்ல, வற்றுநேரக் கரையோரக் கோட்டிலிருந்து.

அது என்ன வகை இடம்?

அதிகத் தவறு நடப்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட சமவாயம் கடலில் தலைகாட்டும் இடங்களை வகை பிரிக்கிறது. வகைக்கு ஏற்ப உரிமை மாறும்.

பெருக்கு நேரத்திலும் நீருக்கு மேலே நிற்கிற, மனிதர் வாழவோ தனக்கென ஒரு பொருளாதார வாழ்வு கொள்ளவோ தாங்கக்கூடிய தீவுக்கு எல்லாம் உண்டு: 12 கடல் மைல் ஆள்புலக் கடல், 200 கடல் மைல் பிரத்தியேக பொருளாதார வலயம், கண்ட மேடை எனப்படும் கடலடி நிலத்தொடர்ச்சி. பெருக்கில் மேலே நின்றாலும் அப்படி வாழ்வைத் தாங்க முடியாதது "பாறை". 121ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்திப்படி அதற்கு 200 கிடையாது. 12 கடல் மைல் ஆள்புலக் கடலும் அதை அண்டிய வலயமும் மட்டுமே. வற்றில் மட்டும் வெளியே தெரிந்து பெருக்கில் மூழ்குவதை இங்கே வற்றுமேடு என்று சொல்லிக்கொள்வோம். அதற்குத் தனியாக ஆள்புலக் கடலே இல்லை. எப்போதும் நீருக்குள் இருப்பது வெறும் கடலடி. மலேசியக் கரைக்கு அப்பால் உள்ள ஜேம்ஸ் திட்டு அப்படிப்பட்டது. ஏறத்தாழ 22 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. சீனப் பாடநூல்கள் நீண்டகாலமாக நாட்டின் தென்கோடி என்று சொல்லிவந்த இடம் இதுவே.

மண்ணைக் கொட்டி நிரப்பினால் வகை மாறாது. மனிதர் கைவைக்கும் முன் அது எப்படி இருந்தது என்பதே கேள்வி. மிஸ்சீஃபில் சீனா நிரப்பியிருக்கும் நிலம் 550 ஹெக்டயருக்கு மேல். நம் துறைமுக நகரின் 269 ஹெக்டயரைப் போல இருமடங்கு. ஓடுபாதை மட்டும் 2,600 மீற்றருக்கு மேல். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது இன்னும் வற்றுமேடே. செயற்கைத் தீவுக்கு 60ஆம் உறுப்புரை தருவது அதிகபட்சம் 500 மீற்றர் பாதுகாப்பு வலயம்தான். ஆகவே மிஸ்சீஃப், சுபி இரண்டையும் "தீவு" என்று எழுதாதீர்கள். "பவளப்பார் மீது அமைக்கப்பட்ட தளம்" என்று எழுதுங்கள்.

இயற்கை நிலையை எப்படித் தெரிந்துகொள்வது? சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016இல் ஹேக்கில் தீர்ப்பு வழங்கிய நடுவர் மன்றமே இன்றைய செய்மதிப் படங்களை நம்பவில்லை. நிரப்புவேலை பழைய தரையை மூடிவிட்டதால் 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியக் கடற்படை எடுத்த அளவைகள், 1930களின் ஜப்பானிய அளவைகள், மாலுமிகளுக்கான பழைய வழிகாட்டிகள் ஆகியவற்றைத் தோண்டி எடுத்தே வகை பிரித்தது. அந்தப் பிரிவை நீங்கள் அப்படியே பயன்படுத்தலாம். ஸ்கார்பரோ, ஃபையரி குரோஸ், ஜோன்சன், குவார்ட்டெரோன் ஆகியவை பாறைகள். மிஸ்சீஃப், செக்கண்ட் தோமஸ், சுபி, ஹியூஸ் வற்றுமேடுகள். ஸ்ப்ராட்லியின் இயற்கைத் தீவுகளில் மிகப் பெரியதும் தைவான் வசம் உள்ளதுமான இட்டு அபாகூடச் சட்டப்படி பாறைதான் என்றது மன்றம். அந்தக் கூட்டத்தில் எதுவுமே 200 கடல் மைல் வலயத்தை உண்டாக்காது என்பதே தீர்ப்பின் மிகக் கனமான வரி.

ஒரு விதிவிலக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அண்மைக்காலச் செய்திகள் அதைச் சுற்றியே வருகின்றன. வற்றுமேடு ஒன்று, ஒரு தீவிலிருந்தோ பாறையிலிருந்தோ 12 கடல் மைலுக்குள் விழுந்தால், அந்தத் தீவின் ஆள்புலக் கடலை அளக்கும் அடிக்கோட்டை அந்த மேட்டிலிருந்தே போடலாம். 13ஆம் உறுப்புரை. இப்போது சுபிக்கும் பாக்-அசாவுக்கும் உள்ள தூரத்தை அளவுங்கள்: 8 கலை அகலாங்கு, 12 கலை நெட்டாங்கு. விடை சுமார் 14 கடல் மைல், 12க்கு வெளியே. ஆனால் இரண்டுக்கும் இடையில் பாக்-அசாவை ஒட்டிய பார்களின் மேல் சாண்டி கே என்ற ஒரு சிறு மணல் திடல் பெருக்கிலும் தலைகாட்டி நிற்கிறது. சுபி அதிலிருந்து 12க்குள் வருகிறது. ஆகவே அந்த மணல் திடல் யாருக்கு என்ற கேள்வி, சுபியிலிருந்து கடலை அளக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியையும் இழுத்துவருகிறது. 2025 ஏப்ரலில் சீனக் கரையோரக் காவல்படையினர் அங்கே கொடியோடு நின்று படம் எடுத்ததும், சில நாளில் பிலிப்பைன்ஸ் ஆட்களும் போய்த் தங்கள் கொடியைக் காட்டியதும் இதனால்தான். இதை விளக்காமல் "மணல்மேட்டுக்காக மோதும் நாடுகள்" என்று தலைப்பிடும்போது செய்தியின் உயிரே போய்விடுகிறது.

நிலம் ஒரு கேள்வி, கடல் இன்னொரு கேள்வி

ஒரு பாறை யாருடையது என்பது இறைமைக் கேள்வி. சுற்றியுள்ள நீரில் யார் மீன் பிடிக்கலாம், யார் எண்ணெய் தோண்டலாம் என்பது கடற்சட்டக் கேள்வி. இரண்டையும் பிரித்து வையுங்கள்.

பிலிப்பைன்ஸ் 2013 ஜனவரி 22 அன்று தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12 அன்று தீர்ப்பு வந்தது. இரண்டாவது கேள்விக்கு மட்டுமே அது பதில் சொன்னது. சீனா தன் வரைபடத்தில் இக்கடலைச் சுற்றித் துண்டுகளாகப் போடும் ஒன்பது கோட்டுக்குள் உள்ள வளங்களுக்கு அது கோரும் வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை. மிஸ்சீஃபும் செக்கண்ட் தோமஸும் பிலிப்பைன்ஸின் பொருளாதார வலயத்துக்குள் உள்ளன. ஸ்கார்பரோவில் பாரம்பரியமாகத் தொழில் செய்த பிலிப்பைன்ஸ் மீனவரைச் சீனா தடுத்தது தவறு. ஆனால் ஸ்கார்பரோ பாறைகள் யாருக்குச் சொந்தம் என்று மன்றம் சொல்லவே இல்லை. அங்கே மரபாகத் தொழில் செய்யும் உரிமை சீன மீனவருக்கும் உண்டு என்றும் குறிப்பிட்டது. ஆகவே "ஸ்கார்பரோ பிலிப்பைன்ஸுக்கே சொந்தம் என்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது" என்ற வரியில் இரண்டு பிழை: சொந்தம் பற்றித் தீர்ப்பே இல்லை, தீர்ப்பளித்தது சர்வதேச நீதிமன்றமும் இல்லை. சமவாயத்தின் ஏழாம் இணைப்பின்படி அமைந்த நடுவர் மன்றம் அது. நிரந்தர நடுவர் நீதிமன்றம் அதற்குப் பதிவகமாக இருந்தது.

சீனாவின் நிலைப்பாட்டையும் முழுமையாகக் கொடுங்கள். பிணக்கின் அடி தீவுகளின் இறைமை, அது கடற்சட்டத்துக்கு அப்பாற்பட்டது என்கிறது சீனா. எல்லை வகுத்தல் தொடர்பான விடயங்களைக் கட்டாயத் தீர்ப்பிலிருந்து விலக்கி 2006 ஆகஸ்ட்டில் அறிவித்துவிட்டதாகவும் சொல்கிறது. தீர்ப்பை ஏற்பதில்லை, அங்கீகரிப்பதில்லை என்பது அதன் நிலையான பதில். இதை ஒரு வரியில் எழுதி, மன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை என்பதையும் உடனே சேர்த்தால் பத்தி நேர்மையாக நிற்கும்.

தீர்ப்பு சீனாவையும் பிலிப்பைன்ஸையும் மட்டுமே கட்டுப்படுத்தும். வியட்நாம் செய்திக்குள் அதை இழுத்துப் போடாதீர்கள். பாரசெல் தீவுகள் அந்த வழக்கில் இல்லை. 1974 ஜனவரியில் தென்வியட்நாமிடமிருந்து அவற்றின் மேற்குப் பகுதியைச் சீனா கைப்பற்றியது முதல் அது தனிக் கதை. 2014 மே மாதம் ஹாய்யாங் ஷியோ 981 என்ற எண்ணெய்த் தளத்தைச் சீனா நிறுத்திய இடம் பாரசெலின் ட்ரைட்டன் தீவிலிருந்து 17 கடல் மைல். வியட்நாம் கரையிலிருந்து சுமார் 120 கடல் மைல். சீனா முதல் எண்ணைச் சொன்னது, வியட்நாம் இரண்டாவதைச் சொன்னது. இரண்டும் உண்மை. இப்படி ஒரு இடத்துக்கு இரண்டு தூரம் வரும்போது இரண்டையும் அச்சிடுவதே செய்தியாளர் வேலை.

சிறிய நாடுகள் எல்லாம் ஒரே அணி என்றும் எழுத வேண்டாம். ஸ்ப்ராட்லியில் அதிக இடங்களைக் கையில் வைத்திருப்பது வியட்நாம். அண்மை ஆண்டுகளில் அதுவும் பெருமளவில் நிரப்பிவருகிறது. பிலிப்பைன்ஸ், மலேசியா, வியட்நாம் கோரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அதேநேரம் பேசித் தீர்த்த கோடுகளும் உண்டு: சீனாவும் வியட்நாமும் தொங்கிங் வளைகுடாவை 2000ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பிரித்துக்கொண்டன.

கச்சதீவை ஒப்பிட வேண்டும் என்று ஆசை வரும். கவனம். பாக்கு நீரிணையில் 1974லும், மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் 1976லும் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்து ஆயத்தொலைகளோடு கோடு போட்டாயிற்று. இன்று நடப்பது பெரும்பாலும் மீன்பிடிப் பிரச்சினை. தென்சீனக் கடலின் நடுவில் கோடே இல்லை. நம் பக்கத்திலிருந்து பொருத்தமான உதாரணம் வேண்டுமானால் தெற்கே பாருங்கள். 200க்கு அப்பால் கண்ட மேடையை நீட்டக் கோரி இலங்கை 2009 மே 8 அன்று ஐ.நா. ஆணைக்குழுவில் சமர்ப்பித்த விண்ணப்பமும், இந்தியா சர்வதேசக் கடலடி அதிகாரசபையிடம் ஆய்வு உரிமை கேட்ட அஃபனாசி நிகிற்றின் கடல்மலையும் அதே கடற்சட்டத்தின் கீழ் வரும் விவகாரங்கள்.

யார், எந்தக் கப்பல், என்ன செய்தது

பொருளாதார வலயம் என்பது ஆள்புலம் அல்ல. எந்த நாட்டுக் கப்பலும் அதன் வழியே போகலாம். ஆகவே பிலிப்பைன்ஸின் 200க்குள் சீனக் கப்பல் "நுழைந்தது" என்பது மட்டும் மீறல் ஆகாது. மீன் பிடித்ததா, துரப்பணம் செய்ததா, கட்டடம் எழுப்பியதா, மற்றவரின் தொழிலைத் தடுத்ததா என்று பார்த்து அந்தச் செயலைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

கப்பல் வகையும் முக்கியம். கடற்படை, கரையோரக் காவல்படை, கடல்சார் குடிப்படை எனப்படும் மீன்பிடிப் படகுகள் மூன்றும் வெவ்வேறு. பெரும்பாலான உரசல்களில் முன்னால் நிற்பது காவல்படை. நீரைப் பீய்ச்சியடித்ததை "சுட்டது" என்று எழுதினால், 1951ஆம் ஆண்டின் அமெரிக்க-பிலிப்பைன்ஸ் பரஸ்பரப் பாதுகாப்பு உடன்படிக்கை சொல்லும் ஆயுதத் தாக்குதல் நடந்ததாக வாசகர் எண்ணுவார். "மோதல்" என்று தலைப்பிடும் முன்னும் யோசியுங்கள். 2025 ஆகஸ்ட் 11 அன்று ஸ்கார்பரோ அருகே பிலிப்பைன்ஸ் காவல்படைக் கப்பலைத் துரத்தும்போது இடித்துக்கொண்டவை இரண்டும் சீனக் கப்பல்கள், ஒன்று கடற்படையுடையது, மற்றது காவல்படையுடையது. "சீன, பிலிப்பைன்ஸ் கப்பல்கள் மோதல்" என்ற தலைப்பு அங்கே பொய்யாகிவிடும்.

கப்பலைச் சரிபார்க்க, கப்பல்கள் தம் இருப்பிடத்தை வானொலியில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். முறையைக் காட்டும் தளங்களைத் திறக்கலாம். ஒவ்வொரு கப்பலின் எம்.எம்.எஸ்.ஐ. எனப்படும் அடையாள எண்ணும் ஒன்பது இலக்கம். சாதாரணக் கப்பல்களில் முதல் மூன்று நாட்டைக் காட்டும். 412, 413, 414 சீனா. 416 தைவான். 548 பிலிப்பைன்ஸ். 574 வியட்நாம். 533 மலேசியா. 525 இந்தோனேசியா. 417 நம்முடையது. ஆனால் திரையில் கப்பல் இல்லை என்பதால் கடலிலும் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். கரையிலுள்ள அலைவாங்கிகள் சில பத்து கடல் மைலுக்கு மேல் எட்டா. செய்மதித் தரவு பெரும்பாலும் காசுக்கு. அரச கப்பல்கள் கருவியை அணைத்துவிடலாம், பொய் அடையாளமும் அனுப்பலாம். ஏ.ஐ.எஸ்.ஐ உறுதிப்படுத்தலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மறுப்புக்கு அல்ல.

நேரத்தைத் தவறவிட வேண்டாம். ஏ.ஐ.எஸ். காட்டுவது பெரும்பாலும் உலகப் பொது நேரம்; நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. மணிலாவும் பீஜிங்கும் எட்டு மணி முன்னே, அதாவது நம்மைவிட இரண்டரை மணி முன்னே. ஹனோய் ஒன்றரை மணி. மணிலாவில் செவ்வாய் அதிகாலை ஒரு மணி என்றால் கொழும்பில் திங்கள் இரவு பத்தரை. "நேற்று" என்று எழுதாமல் நடந்த இடத்தின் திகதியைப் போடுங்கள்.

காணொளி வந்தால் யார் வெளியிட்டது, எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இரு தரப்பும் தனக்குச் சாதகமான நொடியிலிருந்தே தொடங்கும். செய்மதிப் படத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் தளத்தில் சென்டினல்-2 செய்மதியின் படங்கள் இலவசம். ஒரு புள்ளி 10 மீற்றர், ஆகவே ஓடுபாதையும் புதிய நிரப்புவேலையும் தெரியும், சிறு படகு தெரியாது. பருவக்காலத்தில் மேகம் வாரக்கணக்கில் மறைக்கும். படம் எடுத்த நேரத்தில் வற்றா பெருக்கா என்று தெரியாமல் நிலம் வளர்ந்தது, தேய்ந்தது என்று எழுத வேண்டாம்.

வரைபடம் போடும்போது

ஒன்பது கோட்டைத் தொடர்கோடாக வரையாதீர்கள். சீனா அதற்கு ஆயத்தொலை எதுவும் வெளியிட்டதில்லை. 1947இல் பதினொன்றாக இருந்து, பிறகு ஒன்பதாகி, 2009இல் ஐ.நா.வுக்கு அனுப்பிய குறிப்போடு இணைக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டு வரைபடத்தில் தைவானுக்குக் கிழக்கே ஒன்றும் சேர்ந்து பத்தாக நிற்கிறது. துண்டுகளாகவே வரைந்து "சீனா கோருவது" என்று எழுதுங்கள். 200 கடல் மைல் கோடுகளுக்கு மரைன் ரீஜன்ஸ் என்ற இணையத்தளத்தில் தரவு கிடைக்கும், ஆனால் அவை ஆய்வாளர் கணித்தவை, நாடுகள் ஒப்புக்கொண்டவை அல்ல. அதை வரைபடத்தின் அடியில் ஒரு வரியில் சொல்ல வேண்டும். அளவுகோலைக் கடல் மைலில் வையுங்கள்.

முகவரகச் செய்தியின் கடைசிப் பத்தியில் வரும் "ஆண்டுக்கு இத்தனை ட்ரில்லியன் டொலர் வர்த்தகம்" என்ற எண்ணையும் சும்மா விடாதீர்கள். 5.3 ட்ரில்லியன் என்பது நெடுங்காலம் சுற்றியது, அமெரிக்காவின் சி.எஸ்.ஐ.எஸ். ஆய்வகம் 2016க்குக் கணித்தது ஏறத்தாழ 3.4 ட்ரில்லியன். எந்த ஆண்டின் கணக்கு என்று போட முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள்.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

மேசைக்கு இப்படி ஒரு வரி வந்ததாக வைத்துக்கொள்வோம்: "பிலிப்பைன்ஸ் கடல் எல்லைக்குள் அத்துமீறிய சீனக் கடற்படை, அயுங்கின் தீவிலுள்ள இராணுவ முகாமுக்கு உணவு கொண்டுசென்ற கப்பலைத் தாக்கியது."

கடல் எல்லை அல்ல, பொருளாதார வலயம். கடற்படையா காவல்படையா என்று மூலத்தைப் பார்க்க வேண்டும். தீவு அல்ல, வற்றுமேடு. முகாம் அல்ல, 1999இல் பிலிப்பைன்ஸ் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த சியரா மாட்ரே என்ற பழைய கடற்படைக் கப்பல். அதில் சிறு படைப்பிரிவு ஒன்று தங்கியிருக்கிறது. தாக்கியது என்றால் எப்படி? 2024 ஜூன் 17 அன்று சீன ஆட்கள் கத்தி, கோடரியோடு படகுகளைச் சூழ்ந்தபோது பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் கட்டைவிரலை இழந்தார். வேறு நாட்களில் நீர்பீய்ச்சல் மட்டுமே. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க முடியாது.

திருத்திய வடிவம்: "பிலிப்பைன்ஸின் பலவான் தீவிலிருந்து ஏறத்தாழ 105 கடல் மைல் தொலைவில், அந்நாட்டின் பிரத்தியேக பொருளாதார வலயத்துக்குள் இருப்பதாக 2016இல் நடுவர் மன்றம் கூறிய செக்கண்ட் தோமஸ் திட்டு அருகே, தரைதட்டி நிற்கும் சியரா மாட்ரே கப்பலுக்கு உணவு கொண்டுசென்ற படகு மீது சீனக் கரையோரக் காவல்படைக் கப்பல் நீரைப் பீய்ச்சியதாகப் பிலிப்பைன்ஸ் தெரிவித்தது. தன் கடற்பரப்பில் சட்டப்படி நடவடிக்கை எடுத்ததாகச் சீனா கூறியது. திட்டின் மீது இரு நாடுகளும் உரிமை கோருகின்றன."

நீளம் கூடிவிட்டது என்று பக்க வடிவமைப்பாளர் சொல்வார். வெட்ட வேண்டி வந்தால் மேற்கோளை வெட்டுங்கள், பின்னணி எண்களை வெட்டுங்கள். தூரத்தையும் வகையையும் "தெரிவித்தது" என்பதையும் வெட்டாதீர்கள். பக்கம் மூடும் நேரத்துக்குள் இடம் எது என்றே உறுதியாகாவிட்டால் "தென்சீனக் கடலின் தகராறுக்குரிய பகுதி ஒன்றில்" என்று எழுதி, தூரத்தைப் போடாமல் விட்டு, ஆயத்தொலை கிடைத்ததும் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுங்கள்.